குறிக்குப் பின்னால் நின்றவர்கள்

எங்கள் பக்கத்தில் ஜெலட்டின் என்று சொன்னால் கிணறு வெட்டுகிறவர்களுக்கும் கல் உடைக்கிறவர்களுக்கும் ஒன்றுதான் தெரியும். பாறையில் துளை போட்டுச் செருகிப் பற்றவைக்கிற வெடிகுச்சி. அதனால் எண்பதுகளின் நடுவில் ஒருநாள் நான் விழுப்புரத்தில் பால் குளிரூட்டும் நிலையத்துக்குப் போய், "உங்க கோல்டு ரூம்ல கொஞ்ச நாளைக்கு ஜெலட்டின் வெச்சிக்கணும் சார்" என்று கேட்டதும், அங்கிருந்த மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இன்னா மேடம், போலீஸ் ஜீப்புல வந்துக்கினு நீங்களே இப்படிக் கேக்கறீங்க? சுத்துப்பட்டு ஊரு பாலு பூரா உள்ள இருக்குது!"

நான் கொண்டு போயிருந்த பொடியை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினேன். மாத்திரைக் கூடு செய்கிறார்களே, அந்தப் பொடி. வெடிக்காது, பற்றாது, தண்ணீரில் கரைத்துக் குளிரவைத்தால் கட்டியாகும், அந்தக் கட்டியில் சுட்டுப் பார்க்கப் போகிறோம் என்றேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார். "இதுல துப்பாக்கியால சுடப் போறீங்களா? எதுக்கு?" என்றார்.

போன மாதம் துறையில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். செல்போனில் ஒரு வீடியோ காட்டினார்கள். கண்ணாடிபோல் தெளிந்த ஒரு கட்டி, அதற்குள் ஒரு தோட்டா நிதானமாகப் புகுந்து பூப்போல விரிகிறது. "நீங்க அப்பவே இது பண்ணீங்களாமே மேடம், எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். அவர்களிடம் வாயால் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் திண்டிவனத்துக்கு வடக்கே. அம்மாவும் அப்பாவும் கூலிக்கு நடவும் களையும் செய்தவர்கள். கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, இயற்பியல் பட்டம் வாங்கி, பரீட்சை எழுதித் தடய அறிவியல் துறையில் சேர்ந்தேன். சென்னையில் பயிற்சி. மைக்ராஸ்கோப்பின் கீழே இரண்டு தோட்டாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடு கோடாக ஒப்பிட்டே கண் எரிந்த காலம் அது. பிறகு விழுப்புரம் பிரிவில் போட்டார்கள். துப்பாக்கிப் பிரிவில் பெண்ணா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டுவிட்டுப் போனார்கள். நான் வேலையைப் பார்த்தேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி ராமபத்ரன் சார். ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, நாற்காலியின் முதுகில் எப்போதும் ஒரு துண்டு. அறிக்கை கொண்டுபோய்க் கொடுத்தால் உட்கார்ந்து படிக்கமாட்டார். எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிர்த்தரப்பு வக்கீலின் குரலில் உரக்கப் படிப்பார். அறிக்கை இங்கிலீஷில் இருக்கும், அவர் கேள்வி மட்டும் தமிழில் வரும். "அம்மணி, 'அநேகமாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அநேகத்தை எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?" அந்த மரியாதைதான் உடம்பைக் கூசவைக்கும். சட்டென்று பதில் வராவிட்டால் அந்த வார்த்தையை அடித்துவிடுவார். அவரிடம் தேறிய அறிக்கை எந்தக் கோர்ட்டிலும் தேறும். ஆனால் அவருக்கு ஒரு பயம் இருந்தது. சந்தேகம் வந்தால் 'கருத்துக் கூற இயலாது' என்று எழுதி மூடிவிடுவதையே விரும்புவார். அதில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதே இல்லை.

இனி வழக்குக்கு வருகிறேன்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், வல்லத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே பக்தவச்சலம் என்பவருக்கு நிலமும் ஒரு ரைஸ்மில்லும் இருந்தன. லைசென்சோடு ஒரு சின்ன பிஸ்டலும் வைத்திருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை நேரம். களத்தில் கொடி போர் போராகக் கிடந்தது. காய் ஆய்கிற பெண்கள் கூலி கூட்டிக் கேட்டு வேலைக்கு வராமல் இருந்தார்கள். முன்னே நின்று பேசியவர் அஞ்சலை அக்கா. நாற்பது வயதிருக்கும், உயரமாக, யாரிடம் பேசினாலும் நிமிர்ந்து பேசுகிறவர். அதற்கு முந்தின வாரம் ஊர் நடுவில் பக்தவச்சலத்தை மூஞ்சிக்கு நேரே திட்டியிருந்தார். அவரும், "உன்ன ஒருநாள் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். ஊரே கேட்டது.

ஒரு சாயங்காலம் அஞ்சலை அக்கா இன்னும் சில பெண்களோடு பேச்சுவார்த்தைக்காகக் களத்துக்கு வந்தார். அவர்கள் கொடிப் போர் பக்கம் வந்து நின்றபோது அங்கே வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. பக்தவச்சலம் வேலையை விட்டு நிறுத்திய லாரி டிரைவர் ஒருவன், செல்வம் என்று பெயர், குடித்துவிட்டுக் கத்தியோடு வந்திருந்தான். பக்தவச்சலத்தின் தோளில் வெட்டு விழுந்தது. அவர் பிஸ்டலை எடுத்துச் சுட்டார். செல்வத்தின் மேல்கையில் குண்டு துளைத்துப் போனது. அவனுக்குப் பின்னால் நின்ற அஞ்சலை அக்கா வயிற்றின் பக்கவாட்டில் அடிபட்டு விழுந்தார். புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து குண்டை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். செல்வத்தை மறுநாள் விக்கிரவாண்டியில் ஒரு பரோட்டாக் கடையில் பிடித்தார்கள். கையில் லுங்கியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பக்தவச்சலம் சொன்னது: "ஒரே வெடிதான் சுட்டேன். அவன் என்னை வெட்ட வந்தான், எதிரே நின்னு சுட்டேன். அது அவன் கையில பூந்து அந்தம்மா மேல பட்டுடுச்சி. எனக்கே தெரியாது."

அஞ்சலை அக்கா சொன்னது: "ரெண்டு சத்தம் கேட்டுது. மொத வெடி அவனுக்கு, ரெண்டாவது எனக்கு. என்னைத்தான் பாத்து சுட்டாரு."

செல்வம் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நான் கத்தியப் போட்டுட்டு ஓடும்போதுதான் சார் சுட்டாரு." எத்தனை சத்தம் என்று கேட்டதற்கு, "ஓடறவனுக்கு எண்றதுக்கு ஏது நேரம்?" என்றான்.

வெற்றுக் கூடு ஒன்றுதான் களத்தில் கிடைத்தது. அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. அந்த பிஸ்டல் சுட்டவுடன் கூட்டை வெளியே எறிந்துவிடும். மலைபோல் குவிந்த கொடிக்குள் இன்னொன்று விழுந்திருந்தால் அதைத் தேடி எடுப்பது நடக்காத காரியம். பக்தவச்சலம் பிஸ்டலையும் மறுபடி முழுக்கத் தோட்டா நிரப்பித்தான் ஒப்படைத்திருந்தார், எத்தனை சுட்டார் என்று எண்ண வழியில்லை. அடிபட்ட பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்த குண்டை ஆஸ்பத்திரியில் நல்லெண்ணத்தில் கழுவித் துடைத்து மருந்துப் புட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன் மூக்கு விரிந்திருந்தது மட்டும் தெரிந்தது, ரத்தமோ நூலோ எதுவும் மிச்சமில்லை.

வழக்கைப் புலன்விசாரித்தவர்கள் இரண்டு குண்டு என்ற முடிவுக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பக்தவச்சலத்தின் தோட்டாக்கள் சாதாரணத் தோட்டாக்கள் அல்ல. மூக்கில் குழி வைத்த வெளிநாட்டுத் தோட்டா. உடம்புக்குள் புகுந்ததும் அந்தக் குழி விரிந்து, தோட்டா காளான்போல் அகலமாகி, உள்ளேயே நின்றுவிடும் என்பதுதான் அதன் பெருமை. எதிரியைத் துளைத்துப் பின்னால் இருப்பவர்மேல் படாது, தற்காப்புக்கு இதுதான் நல்லது என்று சொல்லி அவருடைய உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தாராம். உள்ளேயே நிற்கிற தோட்டா செல்வத்தின் கையைத் துளைத்துப் போய் இன்னொருவர்மேல் எப்படிப் படும்? ஆகவே இரண்டு குண்டு. ஆகவே கொலை முயற்சி.

கேட்டால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாம் அந்தத் தோட்டாவின் பெட்டிமேல் இருந்த வாசகத்தை நம்பிச் சொன்னது. அது எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று யாரும் சுட்டுப் பார்த்திருக்கவில்லை. நான் ராமபத்ரன் சாரிடம் அதைத்தான் சொன்னேன்.

"எதில் சுடுவாய்? ஆட்டுக்கறியிலா?"

"ஜெலட்டின் கட்டி சார். தசை மாதிரியே தடுக்குமாம். சென்னை லைப்ரரியில ஒரு கட்டுரை படிச்சேன். பத்துக்கு ஒரு பங்கு பொடி, மீதி தண்ணி. நாலு டிகிரி குளிர்ல வெக்கணும்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அக்கினி நட்சத்திரம். தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. "விழுப்புரத்தில், இந்த மாதத்தில், நாலு டிகிரி" என்றார். பிறகு அனுமதி கேட்டுக் கோர்ட்டுக்கு எழுதினார். அதுதான் அவர். முடியாது என்று முகத்தில் எழுதியிருக்கும், கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கைப்பற்றிய பெட்டியிலிருந்து எட்டுத் தோட்டாக்களுக்குக் கோர்ட் அனுமதி கொடுத்தது. அதற்குமேல் ஒன்றுகூட இல்லை.

கட்டி செய்வது சமையல் மாதிரிதான், ஆனால் கோபக்கார சமையல். பொடியைப் பச்சைத் தண்ணீரில் தூவி ஊறவிட வேண்டும். பிறகு பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் இந்தப் பாத்திரத்தை இறக்கி மெதுவாகக் கரைக்க வேண்டும். நேரே அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கட்டிக்குப் பலம் போய்விடும். முதல் காய்ச்சலில் அதுதான் நடந்தது. நுரையை வழித்து எடுக்க வேண்டும், காற்றுக் குமிழி இருந்தால் தடம் தப்பாகத் தெரியும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க லவங்கப்பட்டை எண்ணெய் சில துளிகள். டிரங்குப் பெட்டி செய்கிறவரிடம் சொல்லித் தகரத்தில் அச்சு செய்து வாங்கினேன். மேல்கை கனத்தில் சில அச்சு, வயிற்றுக்காகப் பெரிய அச்சு சில. எல்லாவற்றையும் பால் நிலையத்துக் குளிரறையில் அடுக்கினோம். அந்த மேலாளர் கடைசிவரை கேன்களை அவற்றுக்குப் பக்கத்தில் வைக்க விடவில்லை.

சுடும் நாளன்று விடிந்ததும் ஐஸும் உமியும் நிரப்பிய பெட்டிகளில் கட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆயுதப்படையின் சுடுதளத்துக்குப் போனோம். சுடுவதற்கு ஆயுதப்படையின் ஆர்மரர் காதர் பாஷா. துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவர், பருமனான மனிதர், கை மட்டும் ஆடவே ஆடாது. கட்டியை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். அது குலுங்கியது.

"ஜல்தி வேணும் மேடம். வெயில் ஏறிச்சின்னா இது பாயசமாயிடும், அப்புறம் பேஜாரு" என்றார்.

ஒவ்வொரு கட்டியையும் முதலில் ஏர்கன் குண்டு விட்டுச் சோதித்தேன். சரியான கட்டியில் அந்தச் சின்னக் குண்டு குறிப்பிட்ட ஆழம்தான் போக வேண்டும். கூடப் போனால் கட்டி இளகிவிட்டது, தள்ளிவிட வேண்டியதுதான். அப்படித் தள்ளியதைப் பார்த்துக் காதர் பாஷாவுக்கு மனசு ஆறவில்லை. "இவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சிட்டு" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

முதலில் நேரடியாக. பெரிய கட்டியின் மேல் பழைய நூல் புடவைத் துணியைச் சுற்றி இரண்டு தோட்டா சுட்டோம். குண்டு புகுந்த இடத்தில் பட்டாணி அளவு துளை. உள்ளே போய்த்தான் விரிந்தது, ஒரு சாணுக்குப் பக்கமாகப் போய் நின்றது. பெட்டி வாசகம் பொய் சொல்லவில்லை, உள்ளேதான் நின்றது.

அடுத்து, கை வழியாக. முன்னால் மெல்லிய கட்டி, அதற்குக் காக்கிச் சட்டைத் துணி. செல்வம் அன்று போட்டிருந்தது காக்கி. பின்னால் பெரிய கட்டி, புடவைத் துணியோடு. இரண்டுக்கும் நடுவே களத்தில் அளந்த இடைவெளியையே விட்டேன். அது தப்பு. முன்கட்டியிலிருந்து வெளியே வந்த குண்டு கோணிக்கொண்டு, பின்கட்டியைத் தொடாமலே மண்மேட்டில் செருகியது. ஒரு தோட்டா வீண். ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. கை கனத்துக்கு அது உள்ளே நிற்கவில்லை.

பின்கட்டியை நெருக்கி வைத்தோம். அந்த இடைவெளியில் காற்று ஒன்றும் பெரிதாக வேகத்தைக் குறைக்காது, அதையும் கணக்குப் போட்டுக் குறித்துக்கொண்டேன். அடுத்த குண்டு முன்கட்டிக்குள்ளேயே விரிந்து, அகலமாகி, பின்பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, பெரிய கட்டியில் கிழிந்த மாதிரி ஒரு காயத்தைப் போட்டு, நான்கு விரல்கிடை ஆழத்தில் நின்றுவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர் அஞ்சலை அக்காவின் காயத்தைப் பற்றிச் சொன்னது என்னவோ அதேதான். காயத்தின் வாய் கிழிசல், ஆழம் குறைவு.

அதற்கு அடுத்த குண்டு விரியவே இல்லை. மூக்குக் குழியில் காக்கித் துணி போய் அடைத்துக்கொண்டது. கூர்மையாகவே இரண்டு கட்டியையும் துளைத்து வெகு ஆழம் போனது.

ராமபத்ரன் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். வக்கீல் குரல் வந்துவிட்டது. "அம்மணி, ஒன்று இப்படி, ஒன்று அப்படி. தங்கள் ஜெலட்டின் யார் கட்சி?" பிறகு சொந்தக் குரலில், "போதும் மேரி. மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கருத்துக் கூற இயலாது என்று எழுதிவிடுவோம்" என்றார்.

"இன்னும் மூணு இருக்குது சார்."

"மூன்றும் மாறிமாறி வந்தால்?"

"வந்தா வந்ததை எழுதலாம். சுடாம எழுதினா, முயற்சி பண்ணாமலே தெரியலன்னு சொன்ன மாதிரி சார். அந்தம்மா வயித்துல தையலோட இருக்காங்க. அவங்களுக்கு ஒரு பதில் வேணும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ராமபத்ரன் சார் ஜீப்பில் தன் இருக்கையின்மேல் போட்டிருந்த துண்டைக் கொண்டுவந்து, ஐஸ் தண்ணீரில் நனைத்து, மிச்சமிருந்த கட்டிகளின் மேல் போர்த்தினார். "ஜல்தி" என்றார். காதர் பாஷாவே சிரித்துவிட்டார்.

மூன்றும் விரிந்தன. மூன்றும் கிழித்துக்கொண்டு பெரிய கட்டிக்குள் போய், குறைந்த ஆழத்திலேயே நின்றன.

அன்று மத்தியானம் முன்கட்டிகளில் சுற்றியிருந்த காக்கித் துணியைப் பிரித்து மேசையில் விரித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. குண்டு விரிந்த கட்டிகளில் எல்லாம், அது புகுந்த பக்கம் துணியில் சின்னத் துளை, ஓரத்தில் குண்டின் அழுக்கு ஒட்டிய கறுப்பு வளையம். வெளியேறிய பக்கம் துணி கிழிந்து தொங்கியது. செல்வத்தின் சட்டையை எடுத்து வந்து வைத்தேன். இடது கைப்பகுதியில் இரண்டு ஓட்டை. முன்பக்கத்தில் இருந்ததுதான் பெரிய கிழிசல். பின்பக்கத்தில் இருந்தது சின்னது, வட்டமானது, கறுப்பு வளையத்தோடு.

குண்டு பின்னாலிருந்து புகுந்து முன்னால் வந்திருக்கிறது. செல்வம் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தான். அவன் சொன்னது உண்மை.

அஞ்சலை அக்கா கேட்ட இரண்டாவது சத்தம் மட்டும் பாக்கி. "நம்மிடம் கேட்காததை நாம் எழுதக் கூடாது" என்றார் ராமபத்ரன் சார். "எழுதாவிட்டால் அந்தம்மா பொய் சொன்னதாகிவிடும் சார்" என்றேன். இந்த ஒரு விஷயத்துக்காக அவரிடம் மூன்று முறை போய் நின்றேன். கடைசியில் கோர்ட்டில் மனு போட்டு, இரு தரப்பும் இருக்க, களத்தில் வைத்து ஒரு சோதனைக்கு ஏற்பாடானது. சாதாரண ஈயத்தோட்டா, மணல் நிரப்பிய ட்ரம்முக்குள்.

அஞ்சலை அக்கா அதற்கு வந்திருந்தார். வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும், "நீ திண்டிவனத்தாண்ட பொண்ணுதான? எங்காளுங்க மாதிரி தான் இருக்கற. எங்க பக்கம் தான் சொல்லுவ" என்றார்.

"நடந்ததைச் சொல்லுவேங்க்கா" என்றேன்.

அன்று நின்ற அதே இடத்தில் அவரை நிற்கவைத்து, நான் பக்கத்தில் நின்றேன். காதர் பாஷா சுட்டார். வெடித்தது. ஒரு மூச்சு விடுவதற்குள், இடது பக்கமிருந்து, கொஞ்சம் மொண்ணையாக, இன்னொரு வெடி.

"கேட்டியா!" அஞ்சலை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியாம்மா, ரெண்டு! நான் சொல்லல? ரெண்டு!"

காதர் பாஷா பிஸ்டலைத் திறந்து காட்டினார். ஒரே ஒரு வெற்றுக் கூடு அவர் காலடியில் கிடந்தது. நான் கைநீட்டி ரைஸ்மில்லின் நீளமான தகரச் சுவரைக் காட்டினேன். "அங்க பட்டுத் திரும்பி வருதுங்க்கா."

அவர் அந்தச் சுவரைப் பார்த்தார். கீழே கிடந்த கூட்டைப் பார்த்தார். "இன்னொருதபா சுடச் சொல்லு" என்றார். சுட்டோம். இரண்டு சத்தம். என் கையை விட்டுவிட்டார்.

திண்டிவனம் கோர்ட்டில் நான் கூண்டில் ஏறிய நாளன்று கூட்டம் அதிகம். அரசு வக்கீலுக்கு என் அறிக்கை பிடிக்கவில்லை, இரண்டு குண்டு என்ற அவருடைய வழக்கே அதனால் சாய்ந்தது. பக்தவச்சலத்தின் வக்கீலுக்கு முதல் பாதி இனித்தது, சட்டைத் துளைக்கு வந்ததும் கசந்தது. விரியாத அந்த ஒரு தோட்டாவைப் பிடித்துக்கொண்டார். அதை அறிக்கையில் எழுதியே ஆகவேண்டும் என்று அடித்துச் சொன்னவர் ராமபத்ரன் சார்.

"உங்க சோதனையில ஒரு குண்டு வேற மாதிரி நடந்துச்சில்ல? அப்ப இதை வெச்சி உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

"விரியாத குண்டு விரியாத குண்டு மாதிரியும், விரிஞ்ச குண்டு விரிஞ்ச குண்டு மாதிரியும் நடந்துச்சிங்க. இந்தம்மா உடம்புலேர்ந்து எடுத்தது விரிஞ்ச குண்டு. நேரா வந்து பட்டிருந்தா காயத்தோட வாய் சின்னதா, ஆழம் அதிகமா இருந்திருக்கும். வாய் கிழிஞ்சி, ஆழம் குறைவா இருக்கறதால, இவங்க மேல படறதுக்கு முன்னாடியே அது விரிஞ்சிடுச்சி. வேற ஒரு உடம்புல பூந்து வந்திருந்தாத்தான் அப்படி."

"நீங்க அந்தப் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பொண்ணுதானே?"

"ஆமாங்க" என்றேன். "அவங்க சொன்னதுக்கு எதிராத்தான் ஒரே குண்டுன்னு சொல்லியிருக்கேன்."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார். இரண்டு சத்தத்தைப் பற்றியும் கேட்டார்கள். அந்த அம்மா கேட்டது உண்மை, நானும் கேட்டேன், சுவரில் பட்டுத் திரும்பியது என்று சொன்னேன். அது பதிவாக வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம். பதிவானது.

கொலை முயற்சிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் கத்தியைப் போட்டுவிட்டு ஓடியவனை, எதிரே ஆட்கள் நிற்கும் திசையில் சுட்டது தற்காப்பு ஆகாது என்று தீர்ப்பு வந்தது. அஜாக்கிரதையாகக் கொடுங்காயம் உண்டாக்கியதற்கும், ஓடியவனைக் காயப்படுத்தியதற்கும் பக்தவச்சலத்துக்குத் தண்டனை. லைசென்சும் போனது. செல்வத்துக்கு வெட்டியதற்குத் தனியாகத் தண்டனை.

தீர்ப்பன்று நான் போக வேண்டிய அவசியமில்லை. போயிருந்தேன். வெளியே புளியமரத்துக்குக் கீழே அஞ்சலை அக்கா தன் ஊர்ப் பெண்களோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் மற்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் மட்டும் என்னிடம் வந்தார்.

"அப்போ என்னைக் குறி வெக்கல?"

"இல்லீங்க்கா."

"ஓடனவனத்தான் சுட்டாரு."

"ஆமாங்க்கா. அவன் கையில பூந்து வந்ததாலதான் உங்க வயித்துல ஆழமாப் போகல. நேரா உங்க மேல பட்டிருந்தா…" ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "நாங்க ஆறு பேரு நின்னுக்கினு இருந்தோமே. பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். எங்களப் பாக்கவே இல்லியாமா அவரு?"

"பார்க்கலைன்னுதான் சொன்னாருங்க."

அஞ்சலை அக்கா கோர்ட்டு வாசல் பக்கம் திரும்பினார். உள்ளேயிருந்து பக்தவச்சலத்தை வெளியே கூட்டிவந்து கொண்டிருந்தார்கள்.

"என்னைப் பாத்து சுட்டிருந்தார்னா, நான் ஒரு ஆளுன்னு அவரு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். சண்ட போட்டவ, திட்டனவன்னு தெரிஞ்சிருக்கும்" என்றார். "இது அதவிட கேவலமால்ல இருக்குது."

எத்தனை கட்டி காய்ச்சினாலும் அதற்குப் பதில் கிடைக்காது என்று அந்த இடத்திலேயே தெரிந்தது.

அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக பக்தவச்சலத்திடம் போனார். கூட வந்த போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார். அஞ்சலை அக்கா அந்தக் கைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, "ஏங்க, இங்க பாருங்க" என்றார். பக்தவச்சலம் தலை குனிந்தபடியே இருந்தார். "என்னைப் பாருங்கன்றேன்ல." அதன் பிறகுதான் அவர் நிமிர்ந்தார். அஞ்சலை அக்கா வேறொன்றும் சொல்லவில்லை. அவர் பார்க்கிறார் என்பது உறுதியாகும்வரை நின்றார். அப்புறம் திரும்பி, பெண்களைக் கூட்டிக்கொண்டு செஞ்சி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான துப்பாக்கி வழக்குகள் பார்த்தேன். சம்பவ இடத்துக்குப் போனால் எல்லோரும் முதலில் சுட்டவன் நின்ற இடத்தைக் குறிப்பார்கள், பிறகு சுடப்பட்டவன் விழுந்த இடத்தை. நான் அப்படிச் செய்யவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு முதலில் குறிக்குப் பின்னால் போவேன். அங்கே யார் நின்றிருந்தார்கள், யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று விசாரித்து, அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் போட்டு, உள்ளே அவரவர் பெயரை எழுதுவேன். அதன் பிறகுதான் துப்பாக்கிக்கு வருவேன். ஓய்வு பெறும்வரை இதை மாற்றவில்லை.